கை நடுங்காத மனிதர்

சேசு மரி சூசை துணை

நெய்வேலி, பிளாக் பதினெட்டு
14 மார்ச் 2004

என் செல்ல மகள் லிடியாவுக்கு, அம்மா சகாயம்மாள் அடுப்படியில் சம்மணம் போட்டு, சப்பாத்திப் பலகையை மேசையாக்கி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் விட்டதா? சளி பிடித்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளாதே. ஜெர்மனிக்காரர்கள் தலைக்கே ஊற்றிக்கொள்வதில்லை என்று உங்கப்பா சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நீ அனுப்பிய சர்க்கரை பார்க்கிற மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஜெர்மனியிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமல் அவரால் அடுத்த தெருவுக்கு சைக்கிள் மிதிக்க முடியாதாம். பிரித்துக் காட்டினேன். அதனால் அதில் விழுந்த முதல் சொட்டு ரத்தம் தபால்காரருடையது.

சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டு ராமலிங்கம் வாத்தியார் குடும்பத்தோடு விரலை நீட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, என் காதுக்குள் சொன்னாள்: இந்தம்மாவுக்குச் சுகர் இருக்குதுன்னு வந்துட்டா தினம் ஒரு இனிப்பு கேட்டு உசுர வாங்குறது நிக்கும்க்கா, நல்லா ஆழமா குத்துங்க. குத்தினேன். மாமியாருக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் பாத்துக்குங்க என்று நான் வற்புறுத்தியதில் ஆதிலட்சுமிக்குத்தான் இருந்தது. மாமியார் முகத்தில் அப்படி ஒரு சாந்தியை நான் பெரிய பூசையில்கூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நம் தெரு ஜெபக்கூட்டத்து அன்பியத்தார் வந்ததோடு, நீ அனுப்பிய, ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப் எல்லாம் தீர்ந்துவிட்டது. மெஷின் இப்போது ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கப்பா விரலில் மட்டும் யாரும் குத்தவில்லை. எனக்கு எதுக்குடி, என் ரிப்போர்ட்டுதான் தங்கமா இருக்குதே என்கிறார். உண்மைதான். ஆஸ்பத்திரியில் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்குப் பார்த்துவிட்டு டாக்டரே, இன்சுலின் போடுறவங்க எல்லாரும் மிஸ்டர் தைரியநாதனைப் பாத்துக் கத்துக்கணும் என்று வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டார். மாடல் பேஷண்ட் என்ற பட்டம் அன்றைக்குக் கிடைத்தது. கழுத்து அன்றைக்கு நிமிர்ந்தது, இன்னும் குனியவில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடக் குனிவதில்லை.

உன் அறைத்தோழிக்கு என் கடிதங்களைப் படித்துக் காட்டுவதாக எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணுக்காக உங்கப்பா வேலையைச் சொல்கிறேன். அனல்மின் நிலையத்தில் பாய்லருக்கு மேலே பெரிய தொட்டி இருக்கும், பங்கர் என்பார்கள். சுரங்கத்திலிருந்து பெல்ட்டில் ஓடி வருகிற பழுப்பு நிலக்கரி அதில் போய் விழும். வழியில் பெல்ட் நின்றாலும் தொட்டியில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் பாய்லர் எரியும். அந்தத் தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்கிற ஆள் உங்கப்பா. குறைந்தால் மணி அடிக்கும். என் ஷிப்டுல மணி அடிச்சதே இல்ல என்பது அவருடைய விசுவாசப் பிரமாணம்.

சொல்ல மறந்தேனே. உங்கப்பாவுக்குப் புதிதாக மரியாதை வந்திருக்கிறது. சில நாள் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டால் என்னைப் பார்த்து, நீங்க எந்த ஊருங்க, சாப்டீங்களாங்க என்று கேட்கிறார். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் என்னைப் பன்மையில் அழைத்தது இந்த நேரங்களில்தான். பார்ப்பதற்கு என் இடுப்பளவும் பன்மைக்குப் பொருத்தம்தான், வைத்துக்கொள். முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், அவரே டப்பாவைத் தேடி வருவார். இப்போது அதெல்லாம் கிடையாது. நேராக மரியாதைதான். அந்த மரியாதை வந்ததும் நான் காபியில் சர்க்கரையைக் கரைத்து நீட்டிவிடுவேன். சர்க்கரை போட்டேன் என்று சொன்னால் ரிப்போர்ட் கெட்டுவிடும் என்று தட்டிவிடுவார், அதனால் சொல்வதில்லை. சர்க்கரை இல்லாமலே உன் கைக்கு இனிக்குதுடி என்கிறார். என் சமையலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் சர்க்கரைக்குப் போய்விட்டது.

டெய்சி சித்தி மேல்பட்டாம்பாக்கத்தில் புது வீடு மந்திரித்துக் குடிபோனாள். நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். போன மாதம் வேளாங்கண்ணிக்கும் அதே முழங்கால்தான். அதற்கு வாயிருந்தால் என்மேல் வழக்குப் போடும். குளிக்கப் போனால்கூடக் கதவை ஒருக்களித்து வைத்து, உங்கப்பாவைப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். பாட்டு நின்றால் சோப்போடு ஓடி வருவேன். அவர் சுதிக்கு நான் மயங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ மூளை டாக்டர் என்று உங்கப்பா கோயிலில் சொல்லி வைத்திருக்கிறார். தலைவலிக்காரர்கள் எல்லாம் என்னிடம் மருந்து கேட்கிறார்கள். நீ அங்கே எதைத்தான் படிக்கிறாய் என்று எனக்குப் புரிகிற தமிழில் எழுது. எட்டாங்கிளாஸ் தமிழ் போதும், அதற்குமேல் எனக்கும் ஏறாது.

இப்படிக்கு, கதவு இடுக்கில் ஒரு காதை விட்டுவிட்டு மற்றொரு காதை உன் குரலுக்கு வைத்திருக்கும்
அம்மா


சேசு மரி சூசை துணை

நெய்வேலி
6 ஜூன் 2004

அன்பு லிடியா,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. தோழிக்கு வேண்டாம்.

உன் கடிதம் கிடைத்தது. முதல் தடவை எழுத்துப்பிழை தேடிப் படித்தேன். பிழை நிறைய இருந்தது, சந்தோஷமாக இருந்தது, இன்னும் நம் பெண்தான். பிறகு புரிவதற்காகப் படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன், மார்க் போடு.

மூளையில் நியூரான் என்று ஒருவர் இருக்கிறார். யோசிப்பது, ஆணையிடுவது, பேர் வாங்குவது எல்லாம் அவர். ஆனால் தன் வீட்டில் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கத் தெரியாது. அவரைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கைகாலை நீட்டிக்கொண்டு வேறு செல்கள் நிற்கின்றன. ரத்தத்தில் வருகிற சர்க்கரையில் கொஞ்சத்தை அவை வாங்கி, சங்கிலி சங்கிலியாகக் கோத்து, கிளைக்கோஜன் என்று முடிந்து வைக்கின்றன. வரத்து குறைந்தால் அந்த முடிச்சை அவிழ்த்து, லாக்டேட் என்ற ஒன்றாக்கி, நியூரான் துரைக்கு ஊட்டுகின்றன. துரை பேசிப் பேசிச் சிந்துகிற குளூட்டமேட் என்ற ரசாயனத்தைக் கூட்டி அள்ளுவதும் இவைதான். அள்ளாமல் தேங்கவிட்டால் துரை அடங்காமல் கத்திக் கத்தியே செத்துப்போவார். இவ்வளவும் செய்கிற செல்லை, வெறும் ஒட்டுப்பசை என்றுதான் ரொம்ப நாள் விஞ்ஞானிகளே நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

இதைத் தெரிந்துகொள்ள நீ ஜெர்மனி வரை போயிருக்க வேண்டாம் பாப்பா. இந்த பிளாக்கில் ஏதாவது ஒரு குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டியிருந்தால் போதும்.

அம்மா, நீதான் அந்த நட்சத்திர செல் என்று எழுதியிருக்கிறாய். பெருமை தாங்காமல் ஆதிலட்சுமியிடம் வாசித்துக் காட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பூசணிக்காய் செல்லுன்னு எதுவும் கண்டுபுடிக்கலியாக்கா என்றாள். சுகர் வந்ததிலிருந்து அவளுக்கு வாய் கசப்பு.

கடைசிப் பக்கத்தில்தான் என் சிரிப்பு நின்றது. சர்க்கரை அடிக்கடி இறங்கி இறங்கி ஏறினால், இந்தச் செல்கள் பயந்துபோய் முன்பைவிடக் கூடுதலாக முடிந்து வைக்கின்றனவோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படி வைத்தால், அடுத்த தடவை பஞ்சம் வரும்போது மூளைக்குப் பஞ்சம் என்றே தெரியாது, வேர்வையும் நடுக்கமும் வராமலே போய், ஆள் திடீரென்று விழுவார். இன்னும் நிரூபிக்கவில்லை, எலிகளிடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், எல்லோரும் ஒத்துக்கொள்ளவுமில்லை என்றும் எழுதியிருந்தாய். எலியை விட்டுவிடு. நம் வீட்டுக்கு வருகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது. போனில் உன்னிடம் சொல்லவில்லை. போன் ஹாலில் இருக்கிறது, போனுக்குப் பக்கத்தில் உங்கப்பா இருக்கிறார்.

மே மாதம், பகல் ஷிப்ட். ஆதிலட்சுமி வீட்டுக்காரர் பழனிவேலும் அதே ஷிப்ட்தான், உனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் லீவு, சேத்தியாத்தோப்பில் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து. உங்கப்பா பெல்ட் ஓடுகிற நடைபாதையில் வந்திருக்கிறார். பெல்ட்டைத் தாண்டுவதற்குப் படிக்கட்டுப் பாலம் இருக்கிறது. அதில் ஏறாமல், ஓடுகிற பெல்ட்டையே தாண்டுவதற்குக் காலைத் தூக்கியிருக்கிறார். வாய்க்கால் வரப்பைத் தாண்டுகிற மாதிரி, வேட்டி மடித்துக் கட்டுகிற பாவனையோடு. போட்டிருந்தது பேண்ட்.

அங்கே செல்லக்கிளி என்று ஒரு அம்மா கூட்டிக்கொண்டிருந்தது. பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியைக் கூட்டி அள்ளுகிற கான்ட்ராக்ட் வேலை. அது பெல்ட் ஓரமாகக் கட்டியிருக்கிற அவசரக் கயிற்றை இழுத்துவிட்டது. பெல்ட் நின்றது. நின்ற பெல்ட்டின்மேல் உங்கப்பா உட்கார்ந்துவிட்டார். யார் யாரையோ கூப்பிட்டு, வாயில் குளுக்கோஸ் போட்டு, பெல்ட்டை மறுபடி ஓட்டுவதற்குள் தொட்டி குறைந்து, மணி அடித்துவிட்டது.

தெளிந்த பிறகு உங்கப்பாவுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. நான் சும்மா நின்னுகினு இருந்தேன், அந்தப் பொம்பள ஏன் கயித்த இழுத்துதுன்னே தெரியல என்கிறார். பொய் சொல்லவில்லை பாப்பா. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார். ஷிப்ட் ஆட்களோ, தைரியநாதன் அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, கூட்டுற பொம்பள கை பட்டுப் பெல்ட் நின்னுடுச்சி என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்டர் அந்தம்மாவின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். செல்லக்கிளியே வந்தது. பின்பக்க வாசலில் நின்று, உங்கப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பாஸு போனதுக்காவ வரலம்மா என்றது. அன்னிக்கு அய்யா என்னைப் பாத்து கையெடுத்துக் கும்புட்டு, தாயே கொஞ்சம் வழி விடுங்கன்னாரு. பர்மனென்ட் ஆளு நம்மளக் கும்புட்டா ஒன்னு எலெக்சன்ல நிக்கணும், இல்ல உடம்புக்கு எதுனா ஆயிருக்கணும். எலெக்சன் முடிஞ்சி போச்சே, அதான் இழுத்தேன் என்றது. நான் சிரித்துவிட்டேன். அதுவும் சிரித்தது. பிறகு, பொறந்த ஊரே இப்ப சுரங்கத்துக்கு அடியில கிடக்குது, பாஸு போனா எங்கம்மா போவேன் என்று, விலைவாசி பேசுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனது. நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த டம்ளரை எடுக்க எனக்கு வெகு நேரம் கை வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆதிலட்சுமி அழுதுகொண்டே வந்தாள். தப்பு எங்க வூட்டுக்காரரு மேலக்கா என்றாள். விஷயம் என்னவென்றால், பழனிவேலும் உங்கப்பாவுக்கு ஊட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அண்ணன் பேச்சு ஒரு மாதிரி ஆனால் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அண்ணன் ரவுண்டு போகவில்லை என்றால் அவர் போய்விட்டு வருவார். நம்ம ஷிப்ட் ஆளு, நாமதான பாத்துக்கணும் என்று. அங்கே டீ இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இங்கே காபி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நானும் அவரும் இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு மூடி மூடி வைத்ததில், இன்சுலின் அளவு அதிகமாக இருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட் தங்கமாக இருந்ததே, இறங்கி இறங்கிக் கிடந்ததால்தான். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

மணி அடித்ததால் மேலதிகாரி விட்டுவிடவில்லை. மெடிக்கல் போர்டு வைக்கிறார்கள். வீட்டில் மயக்கம், குழப்பம் உண்டா என்று விசாரிக்க மனைவியையும் அழைத்து வரச் சொல்லி ஓலை வந்திருக்கிறது. நான் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவர் மறுபடியும் பெல்ட்டுக்குப் போவார், செல்லக்கிளி போனது போனதுதான். இருக்கிறது என்று சொன்னால் அவருடைய வேலை போகலாம், வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். இந்த வீட்டுக்கு வெளியே நமக்கு ஒரு கூரை கிடையாது.

பழனிவேல் வந்து முற்றத்திலேயே நின்று, அக்கா, நீங்க வாயத் தொறந்தா அண்ணன் வூட்டோட உக்கார வேண்டியதுதான், எங்க பேரும் போவும், பாத்துக்குங்க என்றார். அந்தப் பொண்ணு செல்லக்கிளி என்றேன். கான்ட்ராக்ட்டுதானக்கா, வேற எங்கனா சேந்துக்கும் என்றார். நல்ல மனுஷர்தான் அவர். உங்கப்பாவுக்காக எத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறார். நல்ல மனுஷர்கள் நாலு பக்கமும் நின்றால் நடுவில் இருக்கிறவளுக்கு வழி கிடையாது.

உங்கப்பா தினமும் எனக்குப் பாடம் சொல்லித் தருகிறார். டாக்டர் எதைக் கேட்டாலும் ஒன்னுமில்ல சார்னு சொல்லு, ஒரே வார்த்தை, கதை சொல்லாத என்று. கோயிலில் புதுநன்மை வாங்கப் போகிற பிள்ளைக்கு மந்திரம் சொல்லித் தருகிற மாதிரி. நானும் ஒப்பிக்கிறேன். ஒப்பிக்கும்போதே சில சமயம் என்னைப் பார்த்து, நீங்க நல்லா சொல்றீங்க என்கிறார். உடனே நான் காபிக்கு எழுந்து போகிறேன்.

நீ படித்தவள். நான் என்ன சொல்லட்டும், சொல். போன் செய்தால் பார்த்துப் பேசு, நான் என்ன பதில் சொன்னாலும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மாதா நம் எல்லோர்மேலும் கண் வைக்கட்டும். உங்கப்பாமேல் இரண்டு கண்ணும்.

அம்மா


நெய்வேலி
22 ஆகஸ்ட் 2004

லிடியா கண்ணு,

நீ போனில் உண்மையைச் சொல்லிடும்மா, உண்மையைச் சொல்லிடும்மா என்று கத்தியது காதில் விழுந்தது. ஆமாமா, இங்கயும் நல்ல மழைதான், துணி காயல என்று நான் பதில் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டாயா? உங்கப்பா கையெட்டும் தூரத்தில் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மழை இல்லையேடி என்றார். அதற்கு வேறு ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

போர்டு நடந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஈஸ்டர் புடவையைக் கட்டிக்கொண்டு, பையில் சர்க்கரை டப்பாவோடு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதில் ஒருவர் நம் மாடல் பேஷண்ட் டாக்டர். வீட்டில் எப்படிம்மா என்று என்னைக் கேட்டார். ஒன்னுமில்ல சார் என்று உங்கப்பா சொன்னார். அம்மா பேசட்டும் என்றார் டாக்டர்.

எனக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். சார், எங்க வூட்டுக்காரரு என்னை நீங்க எந்த ஊருங்கன்னு கேட்டா நான் காபி போடப் போயிடுவேன் என்று ஆரம்பித்தேன். டாக்டர்கள் சிரித்தார்கள். உங்கப்பாவும் சிரித்தார், மனைவி சமாளிக்கிறாள் என்று நினைத்து. நான் நிறுத்தவில்லை. குளிக்கும்போது பாட்டுப் பாடச் சொல்வதைச் சொன்னேன். கோயிலில் சாமியாரிடம் போய் உரம் என்ன விலை என்று விசாரித்ததைச் சொன்னேன். ஞாயிற்றுச் சந்தையில் யாரோ ஒருத்தியின் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீடு என்று எதிர்த்திசையில் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. டீயைச் சொன்னேன், காபியைச் சொன்னேன். கடைசியாகச் செல்லக்கிளி ஏன் கயிற்றை இழுத்தது என்று சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. உங்கப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் சர்க்கரை குறைவு எதுவும் இல்லை. நன்றாகத் தெளிந்த பார்வை. நான் யார் என்று தெரிந்தேதான் பார்த்தார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா என்றார். யாரும் கேக்கல சார், ரிப்போர்ட்டு நல்லா இருந்துதே என்றேன்.

பெல்ட் வேலை இனிக் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். ஆனால் வேலை போகவில்லை. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, பகல் மட்டும். குவார்ட்டர்ஸும் இருக்கிறது. செல்லக்கிளிக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. வேறு இடத்தில், செடிக்குத் தண்ணீர் விடுகிற வேலையாம். ஒரு நாள் வந்து, நெழல்ல போட்டுட்டாங்கம்மா, பேச்சுத் துணைக்குத்தான் ஆளு இல்ல என்றது. எனக்கும்தான் என்றேன்.

ஏனென்றால் உங்கப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எது வேண்டுமென்றாலும் மாதா சுரூபத்திடம்தான் சொல்கிறார். தாயே, தண்ணி எடுத்து வெக்கச் சொல்லுங்க. தாயே, நாளைக்குச் சட்டை அயர்ன் ஆவணும். நானும் மாதா வழியாகத்தான் பதில் சொல்கிறேன். இந்த வீட்டில் இப்போது ஓயாமல் உழைப்பது மாதாதான். ஊசிக்கு மட்டும் கையை என்னிடம் நீட்டுவார், நீட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பார். பழனிவேல் தெருவில் என்னைக் கண்டால் செருப்பைக் குனிந்து சரிசெய்கிறார். ஆதிலட்சுமி அவர் இல்லாத நேரமாகப் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பேசுகிறாள். சந்தைக்குப் போனால் ஷிப்ட் ஆட்களின் மனைவிமார் எனக்கு முன்னால் வெண்டைக்காயை உடைத்து உடைத்துப் பார்க்கிறார்கள், தலை நிமிர்வதில்லை. முன்பு அவருக்காகத்தான் வீட்டில் கிடந்தேன். இப்போது வெளியே போனாலும் அதே அளவு இடம்தான் இருக்கிறது.

நீ சொன்னபடியே டாக்டரும் சொன்னார். இன்சுலினைக் குறைத்துவிட்டார். சர்க்கரை கொஞ்சம் ஏறி நின்றாலும் பரவாயில்லை, இறங்கவே கூடாது, சில வாரம் அப்படிக் காப்பாற்றினால் உடம்புக்கு வேர்க்கவும் நடுங்கவும் மறுபடி ஞாபகம் வரலாம் என்றார். நீ இரண்டாவதாக அனுப்பிய ஸ்ட்ரிப்பை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். தபால்காரர் கேட்டார், தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். உங்கப்பா விரலை நீட்டினார், நான் குத்தினேன், நம்பரை மாதாவிடம் சொன்னேன். இப்படியே வாரங்கள் போயின. மாடல் பேஷண்ட் பட்டம் போய்விட்டது, நம்பர் கொஞ்சம் ஏறித்தான் நிற்கிறது. அது அவருக்கு நான் போர்டில் பேசியதைவிடப் பெரிய துக்கம்.

போன செவ்வாய்க்கிழமை. ஸ்டோர்ஸிலிருந்து வருவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார். மாதாவிடம் போகவில்லை. சகாயம், கை நடுங்குதுடி, வேர்த்து ஊத்துது, எதுனா குடு என்றார்.

நான் எழுந்து பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. நீட்டிய இரண்டு கையும் வெற்றிலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. எத்தனை மாதமாகிவிட்டது அந்தக் கை நடுங்கி. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை ஒளித்துக் கொடுக்கவில்லை, அவர் கண்முன்னாலேயே ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டேன். அவர் குடிக்க ஆரம்பித்ததும், நான் கீரைமேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எதுக்குடி அழுவுற, நான்தான் நல்லா இருக்கேனே என்று பதறிப்போனார். எனக்கும் சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும், டம்ளரில் பாதியை நிறுத்தி, நீயும் குடி என்று நீட்டினார். குடித்தேன். எறும்புகூட வாய் வைக்காது, அவ்வளவு தித்திப்பு.

அன்றிலிருந்து பேசுகிறார். நிறையப் பேசவில்லை. ஸ்டோர்ஸைப் பற்றிக் குறைதான். போர்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நிமிர்ந்த பழைய கழுத்து இன்னும் திரும்பி வரவில்லை. மூன்று வேளையும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார்.

உன் எலிகள் என்ன சொல்கின்றன? எழுது. அந்தச் செல்களின் கிளைக்கோஜன் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும் என்று எழுதியிருந்தாயே, தீர்ந்த பிறகு அதை யார் நிரப்புவார்கள் என்று நீ எழுதவில்லை. அவசரமில்லை.

ஒரு விண்ணப்பம். நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாய். எடுத்ததும் அப்பா சுகர் எவ்வளவு என்று கேட்கிறாய். கேட்க வேண்டியதுதான். இனி நம்பரை அவரே சொல்லட்டும், போனை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். அப்புறம் நான் வாங்குவேன். அம்மா, நீ எப்படி இருக்கிறாய் என்று கேள். எனக்கென்னடி, குத்துக்கல்லாட்டம் இருக்கேன் என்று ஆரம்பித்து, ஆதிலட்சுமி மாமியார் கதையோ தபால்காரர் கதையோ சொல்வேன். நீ வழக்கம்போல் சிரிப்பாய். சிரித்து முடித்த பிறகு வைத்துவிடாதே. இன்னொரு தரம் கேள்.

உன் வேலை கெடாமல், உன் உடம்பு கெடாமல், நீ நினைத்தது கைகூட மாதா துணையிருக்கட்டும்.

உன் அம்மா